ஓய்வுக்குப் பிறகு மலையடிவாரத்தில் குடியேறலாமா? மேக்கரையா, கோத்தகிரியா, கம்பமா?

ஆவடி ரங்கன் — மே 11

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் எனக்கு அறுபது நிறைகிறது. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு. முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய் வந்திருக்கிறேன். மகள் பெங்களூரில், மகன் வெளிநாட்டில். சென்னையில் எங்களைப் பிடித்து நிறுத்த இனி ஒன்றும் இல்லை.

சிறுவனாக இருந்தபோது அப்பா ஆடி மாதம் குற்றாலத்துக்கு அழைத்துப் போவார். தென்காசி நிலையத்தில் கால் வைத்ததும் முகத்தில் அடிக்கும் அந்த ஈரக்காற்றை இன்றுவரை மறக்கவில்லை. சென்ற மாதம் ஒரு தரகர் அதே தென்காசி மாவட்டத்து மேக்கரையில் 45 சென்ட் தோப்பு காட்டினார். முப்பது தென்னை, நான்கு மா, ஒரு பழைய பம்பு அறை. மூன்று பக்கமும் மலை. வரப்பில் நின்றால் தூரத்தில் அடவிநயினார் அணையின் சுவர் தெரிகிறது. அங்கே ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டு காலம் தள்ளலாம் என்று மனம் சொல்கிறது. கையில் நாற்பது லட்சம் இருக்கும். மனைவிக்கு இடது முழங்காலில் வலி உண்டு, மற்றபடி இருவரும் நலம்.

கோத்தகிரியும் கம்பம் பக்கமும் மனத்தில் உள்ளன. அங்கெல்லாம் வாழ்கிறவர்கள் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோத்தகிரி வாசி — மே 11

ரங்கன் ஐயா, நாங்கள் 2019-இல் இங்கே வந்தோம். வீட்டைச் சுற்றித் தேயிலை. காலையில் மூடுபனி விலகும்போது எதிர்ச் சரிவு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும் அழகுக்கு ஈடே கிடையாது. ஆறு ஆண்டுகள் ஆகியும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே சமதரை என்பதே அரிது. பால் வாங்கப் போனாலும் நாற்பது படி இறங்கி நாற்பது படி ஏற வேண்டும். என் மனைவி மூன்றாவது ஆண்டிலேயே கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பிறகு கோயிலுக்குப் போவதும் நின்றது. இப்போது ஜன்னல் வழியாகத்தான் மலையைப் பார்க்கிறாள்.

கரடி இங்கே அன்றாடச் செய்தி. எண்ணெய் வாசனைக்கு வரும். எங்கள் தெரு முனைக் கோயிலின் கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது. மாலை ஆறரைக்குமேல் தனியாக நடப்பதில்லை என்பது ஊர் வழக்கம். 2024 மே முதல் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. ஊட்டியில் புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தது பெரிய ஆறுதல். அதற்கு முன்பெல்லாம் பெரிய நோய் என்றாலே கோவைக்கு இறங்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கு — மே 12

கம்பம் அழகான ஊர், சந்தேகமில்லை. 1895-இல் கட்டிய முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீரில் வாழும் பூமி. இருபோக நெல், கொடிப்பந்தலில் பன்னீர் திராட்சை, இரண்டு பக்கமும் மலைச்சுவர். தரை சமம், குளிர் அளவு. 2023 ஜூனிலிருந்து போடி வரைக்கும் அகல ரயில் வந்துவிட்டது.

திராட்சைத் தோட்டத்தை ஒட்டி மட்டும் வீடு பார்க்காதீர்கள். பருவத்துக்குப் பருவம் மருந்து அடிப்பார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்த வீட்டுக்குள் வாடை வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் தாங்கமாட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி தேனியை அடுத்த க.விலக்கில் இருக்கிறது, கம்பத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குமேல். யானை ஊருக்குள் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 மே மாதக் கடைசியில் அரிசிக்கொம்பன் என்ற காட்டுயானை கம்பம் நகரத் தெருக்களிலேயே ஓடியது. பிடித்து முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விடும்வரை நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

பத்திர எழுத்தர் (பணி நிறைவு) — மே 13

அழகைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து எழுதியவன். ஓய்வுப் பணத்தை அடிவாரத்தில் போட்டுவிட்டுக் கண் கலங்கியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

அடிவாரத்தில் பட்டா நிலமும் வனமும் பின்னிக் கிடக்கும். தரகர் கையை நீட்டி "அந்த மாமரம் வரைக்கும்" என்பார். புல வரைபடத்தில் கல் வேறோர் இடத்தில் இருக்கும். சர்வேயருக்குக் கட்டணம் கட்டி, அளந்து, எல்லைக்கல்லைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முன்பணம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகிய வருவாய்த் துறை நில ஆவணங்கள் மூன்றிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போக வேண்டும். வில்லங்கச் சான்று குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் போட வேண்டும். மூலப் பத்திரத்தை நகலாக இல்லாமல் அசலாகப் பார்க்க வேண்டும். பூர்விகச் சொத்து என்றால் கட்டிக்கொடுத்த பெண்கள் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 1989-இல் மாநிலத் திருத்தமும் 2005-இல் மத்தியத் திருத்தமும் வந்த பிறகும் "பெண்களுக்குச் சீர் செய்தாகிவிட்டது" என்று சொல்லி விற்கிற குடும்பங்கள் உண்டு. பத்து ஆண்டு கழித்து வழக்கு வரும்.

அடுத்தது மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான மலையிடப் பாதுகாப்புக் குழுமம். 1990-இல் அமைந்தது. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் பஞ்சாயத்து அனுமதி மட்டும் வைத்துக்கொண்டு கட்ட முடியாது. தென்காசி, செங்கோட்டை வட்டாரத்து அடிவார ஊர்களில் சில அந்தப் பட்டியலில் உள்ளன. மேக்கரை சர்வே எண்ணைக் கொடுத்து நகர ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். மனையாகப் பிரித்து விற்கிறார்கள் என்றால் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அனுமதியில்லாமல் பிரித்த மனைகளுக்கு வரன்முறைத் திட்டத்தில் இடமில்லை.

கடைசியாக, பத்திரத்தில் "மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்", அதாவது வழக்கமான வண்டிப்பாதையில் போய்வரும் உரிமை, என்ற வாசகம் இருக்கிறதா? கிணற்றில் எத்தனை பங்கு, மோட்டாரில் பாத்தியம் உண்டா? தோப்பைக் காட்டும்போது எல்லோரும் மலையைத்தான் பார்க்கிறார்கள். அங்கே எந்தப் பாதையில் வந்தோம், அது யாருடைய நிலம் என்று பார்ப்பவர் குறைவு.

தோப்பு வீடு — மே 14

பதினோரு ஆண்டுகளாகப் புளியங்குடிக்கு மேற்கே எலுமிச்சைத் தோட்டத்துக்குள் தனியாக வாழ்கிறேன். மனைவி இறந்த பிறகு வந்தேன். இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. காலையில் மரத்தடியில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவேன். மாலையில் மலைமேல் வெளிச்சம் மாறுவதைப் பார்ப்பேன். பயம் காட்டுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் பயம் காட்டுவார்கள். ரங்கன், உங்களுக்குத் தோப்பு வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். பட்டணத்தில் மட்டும் மாரடைப்பு வராதா?

ஒரே ஒரு வேண்டுகோள். ஏப்ரலில் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். ஜூலையில் ஒரு வாரம், நவம்பரில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆனிக் காற்றை ஒரு முறை அனுபவிக்க வேண்டும். அந்தக் காற்றுக்காகத்தான் சுரண்டை பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். ஓடு பறக்கும், வாழை சாயும், கதவு இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். சாரல் பிடித்துவிட்டால் துவைத்த வேட்டி மூன்று நாளானாலும் காயாது.

பாவூர்சத்திரத்தான் — மே 15

நான் இந்த மண்ணில் பிறந்து இங்கேயே விவசாயம் செய்கிறவன், வயது 34. பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெளியூர்க்காரர்கள் வந்து வாங்க ஆரம்பித்த பிறகு ஆய்க்குடி, பண்பொழி பக்கம் நிலத்தின் விலை உழுகிறவன் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. வாங்கியவர்கள் கம்பிவேலி போடுகிறார்கள். ஆண்டுக்குப் பத்து நாள் வருகிறார்கள். மீதி நாளெல்லாம் பூட்டுத்தான். தலைமுறை தலைமுறையாக ஆடு ஓட்டிப்போன தடம் அடைபட்டுக் கிடக்கிறது. சில விடுதிகள் ஓடைத் தண்ணீரையே திருப்பிச் செயற்கை அருவி கட்டின. அவற்றை மூடச் சொல்ல 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது.

அண்ணாச்சி, நீங்கள் வந்து வாழப் போகிறீர்கள் என்றால் மனமார வரவேற்கிறேன். ஆனால் தோப்பு நடுவே தனியாக வேண்டாம். ஊருக்குள் வாருங்கள். இங்கே தெருத்தெருவாகப் பூட்டிய வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள், முற்றத்தில் தும்பை முளைத்துக் கிடக்கிறது. அந்த வீடுகளின் மொட்டை மாடியில் நின்றாலும் இதே மலைதான் தெரிகிறது. ஜூலையில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திப் பூவைப் பார்க்கக் கேரளத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்களே, அந்த ஊர் தென்காசிக்குப் பக்கம்தானே?

கடனாநதிக்கரை — மே 17

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன்.

என் கணவரும் ரங்கன் அண்ணன் மாதிரிதான் ஆசைப்பட்டார். கடையத்துக்கு மேற்கே, ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஒரு தோப்பு வாங்கி 2014-இல் வீடு கட்டினோம். அழகான வீடு. திண்ணையிலிருந்து மலை தெரியும். மழை நாளில் பாறையில் வெள்ளிக்கோடு மாதிரி நீர் வழிவது தெரியும். ஐந்து ஆண்டுகள் மிக மகிழ்ச்சியாக இருந்தோம். அதை மறைக்க மாட்டேன்.

ஒரு மார்கழி இரவு இரண்டு மணிக்கு அவருக்கு நெஞ்சு வலி. வீட்டுக்குள் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காது. கிணற்று மேட்டில் ஏறி நின்றால்தான் பேச முடியும். அங்கே ஏறி 108-க்குச் சொன்னேன். வண்டி வரவில்லை என்று யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் விரைவாகவே வந்தார்கள். ஆனால் பெரிய சாலையிலிருந்து எங்கள் தோப்புக்கு வருவது டிராக்டர் தடம். அதில் மூன்று பிரிவு. எந்தப் பிரிவு என்று இருட்டில் தெரியவில்லை. வண்டியின் விளக்கு தென்னைகளுக்கு நடுவே போவதும் திரும்புவதும் எனக்குத் தெரிகிறது. நான் அவருடைய வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் வேட்டி. அதை உயர்த்தி ஆட்டிக்கொண்டே வரப்பில் ஓடினேன். அவரைத் தனியாக விட்டுவிட்டுத்தான் ஓடினேன். அவர்கள் என்னைப் பார்த்து வந்து சேர்ந்தபோது அவர் பேசவில்லை. தென்காசி போவதற்குள் முடிந்துவிட்டது.

பத்திர எழுத்தர் ஐயா பாதையைப் பார்க்கச் சொன்னாரே, அதைப் படித்தபோது வெகுநேரம் அழுதேன்.

அதன்பிறகு எட்டு மாதம் அந்தத் தோப்பில் தனியாக இருந்தேன். மகன் கூப்பிட்டான், நான் போகவில்லை. தேங்காய் வெட்ட ஆள் வந்தால்தான் மனிதக் குரல். நான்கு நாள் யாருடனும் பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் பால்காரரிடம் பேசியபோது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது. காட்டுப்பன்றி வாழையைத் தோண்டும் சத்தம் பின்கட்டில் கேட்கும், விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்போது கடையத்தில் தெருவுக்குள் ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்து இருக்கிறேன். பாரதியார் 1918-இலிருந்து 1920 வரை வாழ்ந்த ஊர். செல்லம்மாவின் ஊர். இடப்பக்க வீட்டில் ஓர் ஆசிரியை, வலப்பக்கம் மளிகைக் கடை. காலை ஏழு மணிக்குள் நான் வாசல் தெளிக்கவில்லை என்றால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். மலை இங்கிருந்தும் தெரிகிறது. கொஞ்சம் தள்ளித் தெரிகிறது, அவ்வளவுதான்.

அண்ணன், நீங்கள் இருவரும் சேர்ந்து இருக்கும் நாளை நினைத்து இடம் பார்க்கிறீர்கள். அண்ணி தனியாக இருக்கப் போகும் நாளுக்கும், இல்லை நீங்கள் தனியாக இருக்கப் போகும் நாளுக்கும் அந்த இடம் ஆகுமா என்று பாருங்கள். இதைச் சொல்வது அபசகுனம் என்று நினைத்து யாரும் சொல்வதில்லை. எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

ஆவடி ரங்கன் — மே 18

அம்மா, உங்கள் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் என்னால் வாசிக்க முடியவில்லை, அவளே வாங்கி வாசித்தாள். பிறகு ஒன்று கேட்டாள்: "மேக்கரையில் அந்தத் தோப்புக்குப் போனோமே, அங்கே எனக்கு யாரைத் தெரியும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு மாதமாக நான் மண், தண்ணீர், விலை எல்லாம் பார்த்தேன். இந்தக் கேள்வியை அவளிடம் கேட்கவே இல்லை.

தரகரிடம் முன்பணம் தருவதாகச் சொன்ன தேதியைத் தள்ளி வைத்துவிட்டேன்.

பணி நிறைவு செவிலியர் — மே 19

கடனாநதிக்கரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. முப்பது ஆண்டு அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள் என்ற முறையில் நடைமுறை விஷயம் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையம் உள்ள ஊரையோ, அதற்குப் பக்கத்து ஊரையோ தேர்ந்தெடுங்கள். 2023-இல் வந்த "இதயம் காப்போம்" திட்டத்தில், நெஞ்சு வலியோடு வருகிறவர்களுக்கு முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். தென்காசியில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை உண்டு. அதற்குமேல் தேவை என்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, ஐம்பத்தைந்து கிலோமீட்டர். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை தருகிறது. ஆனால் அந்தப் பணியாளர் தெருவில் இருக்கும் வீட்டுக்கு எளிதாக வந்துவிடுவார். தோப்புக்குள் நாய் கட்டிய வீட்டுக்குத் தயங்குவார். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. உடனே அரசு மருத்துவமனை.

ரங்கன் ஐயா மத்திய அரசு ஓய்வூதியர். நவம்பரில் வாழ்வுச் சான்றுக்கு அலைய வேண்டாம், தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துத் தருவார். அதற்கும் தபால்காரருக்குத் தெரிந்த முகவரி வேண்டும்.

தோப்பு வீடு — மே 20

அம்மாவின் பதிவைப் படித்துவிட்டு நேற்று முழுவதும் தோட்டத்திலேயே நடந்தேன். நான் இங்கேதான் இருப்பேன், அது என் முடிவு. எனக்கு இனி யாரும் காத்திருக்கவில்லை. ஆனால் ரங்கனுக்கு நான் சொன்னது தவறு. மனைவியோடு வருகிறவருக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இன்று காலை சாலை முனையில் ஒரு கல்லில் சுண்ணாம்பு அடித்து என் வீட்டுக்கு அம்புக்குறி போட்டிருக்கிறேன். மூன்று பிரிவிலும் போட்டுவிட்டேன்.

ஆவடி ரங்கன் — ஆகஸ்ட் 24

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். ஜூலை 20-லிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, பாவூர்சத்திரத்துத் தம்பி பார்த்துத் தந்த ஒரு வீட்டில் ஒரு மாதம் தங்கினோம். இடம் இலஞ்சி. குமாரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, சிற்றாற்றுக்குப் பக்கம். தென்காசிக்கு டவுன் பஸ்ஸில் சில நிமிடம். சென்னைக்குப் போக வேண்டுமானால் பொதிகை ரயில் இருக்கிறது, மாலையில் ஏறினால் காலையில் எழும்பூர்.

தோப்பு வீட்டுப் பெரியவர் சொன்ன காற்று உண்மை. முதல் நான்கு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் பழகிவிட்டது. துணி காயவில்லை என்பதும் உண்மை. எதிர்வீட்டு ஆச்சி வந்து, அடுப்படிக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடச் சொல்லிக் கொடுத்தார். இரவில் கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகப் போகும் லாரிகளின் தொல்லை பெரிது. பிரதான சாலையை ஒட்டி வீடு பார்க்கவே கூடாது என்று தெரிந்துகொண்டோம். ஐந்தருவியில் கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை இருவரும் குளித்தோம். அப்பா இறந்த பிறகு அருவியில் தலை கொடுத்தது அன்றுதான்.

மேக்கரைக்கும் ஒரு நாள் போனோம். அனுமன் நதியில் தண்ணீர் பெருகி ஓடியது. தோப்புக்குப் போகும் தடத்தில் முழங்கால் அளவு சேறு. மனைவி வண்டியிலிருந்து இறங்கவில்லை. நான் மட்டும் வரப்பு வரைக்கும் போய், மேகம் தென்னை உச்சிக்கு இறங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகுதான். ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இலஞ்சியில் அதே வீட்டை இரண்டு ஆண்டுக்கு ஒத்திக்குப் பேசியிருக்கிறோம். பத்திர எழுத்தர் ஐயாவிடம் தனியே கேட்டேன். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளாமல் பதிவு செய்துவிடுங்கள் என்றார், அப்படியே செய்யப் போகிறோம். இரண்டு ஆண்டு இருந்து பார்த்துப் பிடித்திருந்தால் வாங்குவது. மொட்டை மாடியில் ஒரு நாற்காலி போட்டால் மலை தெரிகிறது. மனைவி அங்கே உட்கார்வதைவிட ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்காருவதுதான் அதிகம். நாங்கள் ஊருக்குத் திரும்பும் அன்று அந்தத் தெருவில் ஐந்து பேர் அவள் பெயரைச் சொல்லி வழியனுப்பினார்கள். ஆவடியில் இருபத்தாறு ஆண்டு ஒரே அடுக்குமாடியில் இருக்கிறோம், அங்கே அவள் என் பெயரை வைத்துத்தான் அறியப்படுகிறாள்.

கடனாநதிக்கரை அம்மா, ஜனவரியில் குடிவந்த பிறகு உங்களைப் பார்க்க வரலாமா? மனைவி கேட்கச் சொன்னாள்.

கடனாநதிக்கரை — ஆகஸ்ட் 25

கட்டாயம் வாருங்கள் அண்ணன். தென்காசியிலிருந்து ரயிலிலும் வரலாம், கீழக்கடையத்தில் இறங்க வேண்டும். ஆனால் அண்ணிக்கு முழங்கால் என்பதால் பஸ்ஸில் வருவதே நல்லது, நிறுத்தத்திலிருந்து எங்கள் தெரு பக்கம். இறங்கியதும் மளிகைக் கடையில் என்னைக் கேளுங்கள், கடைப் பையன் கூட்டிக்கொண்டு வந்து விடுவான். தை மாதம் என்றால் நித்தியகல்யாணி அம்மனைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். வருவதற்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அண்ணிக்குச் சொதி பிடிக்குமா என்று கேட்டு எழுதவும்.